எந்தப் போர்ட்டு?

எங்கள் வீட்டில் செய்தி கொண்டுபோகும் வேலையை எனக்கு யாரும் கொடுக்கவில்லை, நானாகத்தான் எடுத்துக்கொண்டேன். கொல்லையில் பேசியதைக் கூடத்துக்கும், கூடத்தில் பேசியதை அடுப்படிக்கும் சூடு ஆறாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். போகிற வழியில் கொஞ்சம் உப்பு புளி சேர்ந்துவிடும். அது செய்தியின் குணம், என் குணமில்லை. அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும்.

எங்கள் தெருவில் மீசை முளைத்த ஆண்பிள்ளை என்றால் சபர் போக வேண்டும். சபர் என்றால் பயணம். எங்களுக்கு அது மலேசியாப் பயணம். என் அத்தா, அதாவது அப்பா, அங்கே ஒரு துணிக்கடையில் இருந்தார். சில வருஷத்துக்கு ஒரு தடவை வருவார், வீடெல்லாம் தைல வாசனையாக இருக்கும், வாசனை போவதற்குள் அவர் போய்விடுவார். அத்தா என்றால் எனக்கு முகத்தைவிடக் கையெழுத்துதான் முதலில் நினைவுக்கு வந்தது. அதனால் வீட்டில் கண்ணெதிரே நடமாடிய ஆண்பிள்ளை என்று ஒருவர்தான் இருந்தார். அவர் என் மாமா, அம்மாவின் தம்பி.

மாமாவும் சபுராளிதான். மலேசியாவில் காட்டு மரம் அறுக்கும் கம்பெனியில் வேலை. கல்யாணமான கையோடு போனவர், ஒருமுறை வந்து மறுபடியும் போனார். பிறகு நான் சொல்லப்போகிற இந்தத் தடவை வந்தார். சபுராளி வந்தால் தெருவே பெட்டி பார்க்க வரும். மாமா பெட்டியைத் திறக்காமல் ஒரு சாக்கை அவிழ்த்தார். உள்ளே இருந்தது ஒரு ரம்பம். பல் வைத்த சங்கிலி, பெட்ரோல் டாங்கு, இழுத்து விடுகிற கயிறு என்று எல்லாம் வைத்த ரம்ப மெஷின். கம்பெனியில் கழித்துப் போட்டதை விலைக்கு வாங்கி வந்திருந்தார். புடவை, சென்ட், டேப் ரெக்கார்டர் என்று கழுத்தை நீட்டி நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கழுத்தைச் சுருக்கிக்கொண்டார்கள்.

"ஒரு நைலக்ஸ் புடவைகூடவா கிடைக்கல அந்த ஊருல?" என்று கேட்டுவிட்டு மாமி உள்ளே போய்விட்டாள்.

இனி சபர் கிடையாது, இந்த மெஷினை வைத்து இங்கேயே பிழைத்துக்கொள்வேன் என்றார் மாமா. வந்த முதல் மாதத்தில் எல்லா சபுராளியும் சொல்வதுதான் இது. மாமி முன்பும் கேட்டிருக்கிறாள். சரிங்க என்றாள், ஆனால் நம்பவில்லை. நான் நம்பினேன். எனக்கு அவர் போகக் கூடாது. அவ்வளவுதான், அதற்கு மேல் எனக்குக் காரணம் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

முதல் வேலை மரவாடியில் கிடைத்தது. கிழட்டுப் புளியமரம் ஒன்றின் அடிக்கட்டையை அறுக்க வேண்டும். வேடிக்கை பார்க்கப் பாதி ஊர் வந்திருந்தது. மெஷின் வீரமாகத்தான் ஆரம்பித்தது. மரத்தின் வயிரம் வந்ததும் முக்கியது, முனகியது, நின்றது. மறுபடி இழுத்து விட்டார். மறுபடியும் நின்றது. கடைசியில் இரண்டு பேர் கைரம்பம் போட்டு மிச்சத்தை அறுத்து முடித்தார்கள். "பாய், மெஷினுக்கு ஒரு டீ வாங்கிக் குடுங்க, பாவம் களைச்சுப் போச்சு" என்று யாரோ சொல்ல, கூட்டம் கொல்லென்று சிரித்தது. மாமாவும் சிரித்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு மாமா மாட்டுக் கொட்டகையே கதி என்று ஆனார். மெஷினைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மாமிக்கு அந்த மெஷினைக் கண்டாலே ஆகாது. பெட்ரோல் நாற்றம், துவைத்துப் போட்ட துணியில் கரி, அது கத்துகிற கத்தில் கோழி முட்டை வைப்பதில்லை என்று தினமும் ஒரு புகார். ஆனால் அவளுக்கு உண்மையான பயம் வேறு. ஆண்பிள்ளை பேச்சைக் குறைத்தால் அடுத்தது டிக்கெட் என்பது எங்கள் தெருப் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

ஒருநாள் பாபநாசத்திலிருந்து மாமாவின் கூட்டாளி வந்தார். மொபெட் ரிப்பேர் செய்கிற மெக்கானிக். நான் கொட்டகையின் பின்பக்கம் முட்டை தேடிக்கொண்டிருந்தேன். மாமி சொன்னதுபோல முட்டை இல்லை, ஆனால் பேச்சு இருந்தது.

"போர்ட்டு வேலை மட்டும் முடிஞ்சுடட்டும், அப்புறம் பாரு, பறந்துரும்" என்றார் மாமா.

"வீட்டுல சொல்லிட்டீங்களா?"

"இல்லப்பா. சொன்னா சத்தம் போடுவா. முடிச்சுட்டுச் சொல்லிக்கலாம்."

இன்று எனக்குத் தெரியும். அந்த மாதிரி இஞ்சினில் சிலிண்டரின் உள்சுவரில் சில ஓட்டைகள் உண்டு. ஒன்றில் பெட்ரோலும் காற்றும் வரும், இன்னொன்றில் புகை வெளியே போகும். அந்த ஓட்டைகளுக்குப் பெயர் போர்ட். புகை போகிற ஓட்டையை அரம் போட்டு ராவி அகலப்படுத்தினால் இஞ்சின் மூச்சு முட்டாமல் வேலை செய்யும், இழுவை கூடும். மெக்கானிக், ஓட்டையை மேல்பக்கமாகத் தூக்கிவிடலாம் என்றாராம். அது மொபெட்டுக்குச் சரி, ரம்பத்தில் ஓட்டையை அப்படித் தூக்கினால் வெறுமனே கத்தும், மரத்தில் வைத்தால் இழுக்காது, அகலம் மட்டும் போதும் என்று மாமா சண்டை பிடித்திருக்கிறார். கொஞ்சம் அதிகமாக ராவிவிட்டால் சிலிண்டரே வீண். வேறு சிலிண்டர் வாங்க மலேசியாவுக்குத்தான் போக வேண்டும். இங்கேயே தங்குவதற்காக அவர் செய்த கடைசி முயற்சி அது.

ஆனால் எங்கள் வீட்டில் போர்ட்டு என்றால் ஒன்றே ஒன்றுதான். போர்ட்டு எடுத்தாச்சா, போர்ட்டு வந்தாச்சா, போர்ட்டை எங்கே வச்சீங்க என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். பாஸ்போர்ட்டில் பாஸையும் சேர்த்துச் சொல்லி வாயை வீணாக்குகிற பழக்கம் எங்கள் தெருவில் இல்லை.

அடுப்படிக்கு ஓடினேன். "போர்ட்டு வேலை முடிஞ்சதும் மாமா பறந்துருவாராம்" என்றேன். பறந்துரும் என்பது பறந்துருவாராம் என்று எந்த இடத்தில் மாறியது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கிணற்றடியைத் தாண்டும்போது மாறியிருக்கலாம்.

மாமி உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "வூட்டுல சொல்லாமயா?"

"ஆமா மாமி. சொன்னா நீங்க சத்தம் போடுவீங்களாம்."

"சத்தம் போடாம குலவையா போடுவாங்க?" என்றாள். பிறகு வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதாள். அம்மா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அம்மாவுக்குச் சொல்ல என்ன இருக்கிறது, அவளே அந்தக் கதையில்தானே இருந்தாள்.

மாமா தினமும் சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டுக் கொட்டகைக்குப் போவார், பொழுது சாய்ந்து மஃரிபு பாங்கு சொல்லும் வரை கீச் கீச்சென்று அரம் கேட்கும். ராவிய விளிம்பைக் கடைசியில் எமரித்தாளால் மழுக்கினார். கூர் இருந்தால் பிஸ்டனின் ரிங் அதில் மாட்டி உடையுமாம். வேலை முடிந்ததும் சிலிண்டரைப் பழைய கைலித் துணியில் சுற்றி, தன் பிஸ்கட் டின்னில் வைத்து அலமாரிக்குள் பூட்டினார். புது ரிங் வரும்வரை அது பத்திரமாக இருக்க வேண்டும் அவருக்கு. அவருடைய பாஸ்போர்ட்டும் அதே டின்னில்தான் எப்போதும் இருக்கும். டின்னுக்குள் அவர் எதையோ குழந்தையைப் படுக்க வைப்பதுபோல வைத்து மூடியதை மாமி கதவிடுக்கில் பார்த்துவிட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு அவர் பள்ளிவாசலுக்குப் போன நேரம் மாமி சாவியை எடுத்தாள். நான் வாசலில் காவல். டின்னைத் தூக்கியவள் கையிலேயே எடை போட்டுப் பார்த்தாள்.

"ஒரு போர்ட்டு இவ்வளவு கனமாவாடி இருக்கும்?"

"சீலெல்லாம் குத்தியிருக்காங்கல்ல மாமி" என்றேன். எனக்குத் தெரியாத விஷயம் என்று அந்த வயதில் எதுவும் கிடையாது.

டின் கூடத்து மூலையிலிருந்த பத்தாயத்துக்குள், விதைநெல்லுக்கு அடியில் போனது.

அது நிலத்துக்காக அடித்துக்கொண்ட காலம். சுவர் பூராவும் கட்சி எழுத்து. உழுகிறவனை வெளியேற்றக் கூடாது என்று சட்டம் வந்திருந்தது. சட்டம் சென்னையில் இருந்தது, வயல் இங்கே இருந்தது. எங்கள் ஊரின் வடிகாலை ஒட்டிய நிலத்துக்குப் பெரிய பண்ணைக்கும் அதைக் குத்தகைக்கு உழுதவர்களுக்கும் வழக்கு. குத்தகைக்காரர்கள் பக்கம் விவசாயிகள் சங்கம் நின்றது. வழக்கு வாய்தா வாய்தாவாக நகர்ந்தது. கரையில் ஒரு தூங்குமூஞ்சி மரம் இருந்தது, நாலு பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும். அதன் நிழலில்கூட இரண்டு தரப்பும் சேர்ந்து நின்றதில்லை.

ஐப்பசிக் கடைசியில் புயல் அடித்தது. ஒரு பகலும் இரவும் ஓடுகளை உருட்டி விளையாடிவிட்டுப் போனது. விடிந்து பார்த்தால் அந்தத் தூங்குமூஞ்சி மரம் வடிகாலின் குறுக்கே படுத்துக் கிடந்தது. கிளைகளில் குப்பையும் வைக்கோலும் அடைத்துக்கொண்டு தண்ணீர் நின்றுவிட்டது. நட்டு வேர் பிடித்திருந்த சம்பாப் பயிர் முழுகிப் போனது. பண்ணைப் பயிர், குத்தகைப் பயிர், எங்கள் வீட்டுத் துண்டு நிலம், எல்லாம்தான். இன்னும் இரண்டொரு நாள் தண்ணீர் நின்றால் பயிர் அழுகிவிடும். அந்த வருஷச் சாப்பாடு போய்விடும்.

மரத்தை வெட்ட ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பண்ணை ஆள் கோடாரி வைத்தால் மரம் பண்ணையுடையது என்றாகும். மரம் அவர்களுடையது என்றால் கரை அவர்களுடையது, கரை என்றால் வயல். சங்கத்து ஆள் வைத்தாலும் அதே கதைதான். அதனால் இரண்டு தரப்பும் அரிவாளோடு ஆளுக்கொரு கரையில் நின்று, மற்றவன் வெட்டிவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். தாசில்தார் வர ரோடு இல்லை.

அப்போதுதான் யாருக்கோ மாமாவின் மெஷின் நினைவுக்கு வந்தது. அது எந்தத் தரப்பும் இல்லை, மலேசியாக்காரன் மெஷின். பண்ணைக் காரியஸ்தரும் சங்கத் தலைவரும் ஒரே நேரத்தில் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். ஒரே பெஞ்சில் இரண்டு கோடியில் உட்கார்ந்து, முகம் பார்க்காமல், நடுவில் நின்ற என்னிடம் பேசினார்கள்.

"பாப்பா, மரம் அறுத்த எடத்துலயே கெடக்கட்டும், கேசு முடியட்டும்னு அவருகிட்டச் சொல்லு" என்றார் தலைவர்.

"கெடக்கட்டும், ஒரு சுள்ளிகூட யாரும் எடுக்கக் கூடாதுன்னு அவருட்டச் சொல்லும்மா" என்றார் காரியஸ்தர்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. இருவருக்கும் இடையில் இரண்டு முழம்தான் இருந்தது, இருந்தாலும் இரண்டையும் திருப்பிச் சொன்னேன்.

மாமா முகத்தில் அன்றைக்குப் பார்த்த வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ரிங் புயலுக்கு முந்தின நாள்தான் வந்திருந்தது. பிஸ்மி சொல்லி அலமாரியைத் திறந்தார். டின்னைக் காணோம். மேலே தேடினார், கீழே தேடினார், துணியையெல்லாம் வாரி வெளியே போட்டார்.

"போர்ட்டு எங்கடி?" என்று கூவினார்.

மாமி அடுப்படி நிலையில் வந்து நின்றாள். "தர மாட்டேன்."

"ஊரே முழுகிக் கெடக்கு, எனக்கு இப்ப போர்ட்டு வேணும்!"

"ஊரு முழுகுனா நீங்க கப்பல் ஏறிடுவீங்களோ? நாங்க முழுகிச் சாவணுமோ?"

"கப்பலா? எந்தக் கப்பல்?"

"எனக்கு எல்லாம் தெரியும். போர்ட்டு முடிஞ்சதும் பறக்கப் போறீங்க. பறங்க! என்னை இங்கயே உட்டுட்டுப் பறங்க! கல்யாணம் கட்டி எத்தனை நாளு நீங்க இந்த வூட்டுல சோறு தின்னுருக்கீங்க, சொல்லுங்க பாப்போம்!" வாசலில் ஆட்கள் இருப்பதெல்லாம் அவளுக்கு நினைவிலேயே இல்லை. அழுகையும் கோபமுமாக அவள் கத்தியது தெருக்கோடிவரை கேட்டிருக்கும். காரியஸ்தரும் தலைவரும் முதல்முறையாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மாமா கையிலிருந்த துணியைக் கீழே போட்டார். பிறகு மெதுவாக, "நான் சொன்னது சிலிண்டரு போர்ட்டு. இஞ்சினுல பொகை போற ஓட்டை. அதைத்தான் ராவி வச்சேன்" என்றார். "இங்கயே இருக்கத்தான் அதை ராவுனேன். உனக்கு யாரு சொன்னா நான் போறேன்னு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கொல்லையில் கோழி என்னைக் கூப்பிட்டது மாதிரி இருந்தது. போய்விட்டேன்.

ஆனால் எவ்வளவு நேரம்தான் இருக்க முடியும்? திரும்பி வந்தபோது மாமி பத்தாயத்தின் மேல்பலகையைத் தூக்கி, தோள்வரை கையை விட்டு டின்னை எடுத்துக்கொண்டிருந்தாள். கைலித் துணியைப் பிரித்த மாமா சிலிண்டரைப் பெட்ரோல் விட்டுக் கழுவி, நெல்தூசி ஒரு துளி இல்லாமல் துடைத்தார். கூரையிலிருந்து சொட்டிய தண்ணீர் படாமல் மாமி தன் முந்தானையால் மறைத்துப் பிடித்தாள். அவள் அந்த மெஷினை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அன்றுதான். "இந்த ஓட்டையா?" என்று விரலை வைத்துக் கேட்டாள். "இதுதான்" என்றார் மாமா. ஓட்டை வழவழவென்று இருந்தது. "நல்லாத்தான் ராவியிருக்கீங்க" என்றாள்.

கரை இரண்டிலும் ஊர் நின்றது. மாமா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, மரத்தில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு கயிற்றை இழுத்தார். மெஷின் கிளம்பவில்லை. மறுபடி இழுத்தார். "டீ வாங்கிக் குடுங்க பாய்" என்று ஒரு குரல் வந்தது, யாரும் சிரிக்கவில்லை. அடுத்த இழுப்பில் ஒரு சத்தம் வந்தது பாருங்கள், பழைய முனகல் இல்லை அது. கொக்குகள் எல்லாம் ஒன்றாக எழுந்து பறந்தன. மரத்தூள் இரண்டு கரை ஆட்கள் மேலும் வித்தியாசம் பார்க்காமல் விழுந்தது. வயிரம் வந்தது. சத்தம் கொஞ்சம் தணிந்தது, நான் கண்ணை மூடிக்கொண்டேன். நிற்கவில்லை. தணிந்த குரலிலேயே இழுத்துக்கொண்டு போனது. கண்ணைத் திறந்தபோது மரம் விரிசல் விட்டு முறிகிற சத்தம் கேட்டது.

பக்கத்தில் மாமி நின்றுகொண்டிருந்தாள். அவள் வடிகால்வரை வந்து நான் பார்த்ததில்லை. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, யாரோ ஒரு பெண்ணிடம், "எங்க வூட்டு மெஷினுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மூன்று துண்டாக அறுத்துத் தள்ளியதும் தண்ணீர் இரைச்சலோடு வடிய ஆரம்பித்தது. சாயங்காலத்துக்குள் பயிரின் நுனிகள் வெளியே தெரிந்தன. மஞ்சள் தட்டியிருந்தது, ஆனால் உயிர் இருந்தது. மரத்துண்டுகள் கரையிலேயே கிடந்தன, வழக்கும் கிடந்தது. நான் கல்யாணமாகிப் போகும்போதும் வாய்தா போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் புயலில் சாய்ந்த மரங்களுக்காகச் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து அன்றைக்கே மாமாவைத் தேடி ஆட்கள் வந்துவிட்டார்கள்.

விளக்கு வைக்கிற நேரம் மாமா குளித்துவிட்டு வந்தார். பிஸ்கட் டின் பத்தாயத்துக்குப் பக்கத்தில் திறந்தபடியே கிடந்தது, உள்ளே பாஸ்போர்ட். காலையிலிருந்து யாரும் அதைக் கவனிக்கவில்லை. எனக்கு மட்டும் அதன் மேலேயே கண். மாமா குனிந்து அதை எடுத்தார். போச்சு, ஞாபகம் வந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் அதைக் கைலியில் துடைத்தார், மறுபடி டின்னில் வைத்து அழுத்தி மூடினார், பத்தாயத்துக்குள் கையை விட்டு நெல்லுக்கு அடியில் புதைத்தார். அவசரத்தில் மாற்றி வைக்கிறார் போலிருக்கிறது என்று எனக்குப் பதறியது. வாயைக் கட்டிக்கொண்டு இருக்க முடியவில்லை.

"மாமா, போர்ட்டு அதுக்குள்ளதான் இருக்கு!"

"எந்தப் போர்ட்டு?" என்றார் மாமா.

எனக்குப் பாவமாக இருந்தது. இவ்வளவு நடந்தும் மனிதருக்கு வித்தியாசம் விளங்கவில்லையே என்று, பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக எடுத்துச் சொன்னேன். ஒன்று புகை போகிற போர்ட்டு, இன்னொன்று ஆள் போகிற போர்ட்டு, நெல்லுக்குள் போனது இரண்டாவது. மாமா முதன்முதலாகக் கேட்பவர் மாதிரி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அடுப்படியில் மாமி எதற்கோ தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். "பத்தாயத்த நல்லா மூடுங்க, எலி போயிரும்" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

அவர் நன்றாகத்தான் மூடினார். பிறகு அதை அவர் தேடவே இல்லை. நெல் எடுக்கப் போகும்போதெல்லாம் நான் கையை விட்டு டின் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பேன். இருக்கும். ஊரில் யாராவது சபர் கிளம்பினால், மாமாவுக்குத் தன் போர்ட்டு நினைவுக்கு வந்துவிடுமோ என்று பயந்து, அன்றைக்கு முழுக்க வேறு எதையாவது பேசிக்கொண்டே அவர் கூடவே சுற்றுவேன். என் வாழ்க்கையில் நான் யாருக்கும் கொண்டுபோய்ச் சேர்க்காத செய்தி அது ஒன்றுதான். பாவம் மாமா, எங்கே வைத்தோம் என்பதையே சுத்தமாக மறந்துவிட்டார் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.